ஈஐ லைனில் ஆளோடு கதைப்பது எப்படி? ஆர்ஓஈ சிக்கலும் இருக்கிறது

வன்னிமகள்
2025 ஜனவரி 14, காலை 10:52

வணக்கம் உறவுகளே. என் கணவர் ஸ்காபரோவில் ஒரு ஏஜென்சி மூலம் உணவு பக் பண்ணும் பக்டரியில் வேலை செய்தவர். டிசம்பர் தொடக்கத்தில் "வேலை குறைவு, கூப்பிடும்வரை வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கிழமையே ஒன்லைனில் ஈஐக்கு (வேலை இழந்தவருக்குக் கனடா அரசு தரும் காப்புறுதிக் காசு) விண்ணப்பித்தோம். இன்றுவரை காசும் இல்லை, கடிதமும் இல்லை. தபால் வேலைநிறுத்தம் நடந்த நேரம் என்பதால் நான்கு இலக்க அக்ஸஸ் கோட் வரும் கடிதம் எங்கே கிடக்கிறதோ தெரியாது. கோட் இல்லாததால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்யவேண்டிய ரிப்போட்டும் செய்யவில்லை.

லைனுக்கு எடுத்தால் முதலில் இங்கிலிஷா பிரெஞ்சா என்று கேட்கும், பிறகு நீளமாக ஏதோ வாசிக்கும், கடைசியில் இப்போது அழைப்புகள் அதிகம், பிறகு எடுங்கள் என்று சொல்லி வெட்டிவிடும். காத்திருக்கவாவது விட்டால் பரவாயில்லை. ஏஜென்சியில் கேட்டால் "நாங்கள் ஆர்ஓஈ (வேலை நின்ற விபரத்தை முதலாளி அரசுக்கு அனுப்பும் பத்திரம்) அனுப்பிவிட்டோம், எங்களுக்கு வேறொன்றும் தெரியாது" என்கிறார்கள். இந்த மாத வாடகை கட்டிவிட்டோம். அடுத்த மாதத்தை நினைத்தால்தான் பயம். ஆளோடு கதைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


மார்க்கம்வாசி
2025 ஜனவரி 14, காலை 11:20

வன்னிமகள், ஈஐ நம்பர் 1-800-206-7218. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8:30 முதல் பின்னேரம் 4:30 வரை. வாசிப்பது முடியும்வரை காத்திராமல் 0 அமத்துங்கோ. ஆளிடம் போகும் வழி அதுதான். திங்கட்கிழமையும் லீவு நாளுக்கு மறுநாளும் எடுக்கவேண்டாம், கனபேர் அடிப்பார்கள். புதன், வியாழன் காலை 8:30க்கு லைன் திறக்கும்போதே எடுத்தால் வாய்ப்புக் கூட.

1-800-531-7555 என்பது ரிப்போட் செய்வதற்கான இயந்திர லைன். அதில் கோட் இல்லாமல் ஒன்றும் நகராது. அரசின் பொதுத் தகவல் லைனான 1 800 ஓ கனடாவில் ஆள் கெதியாக எடுப்பார், ஆனால் அவருக்கு உங்கள் கோப்பைத் திறக்க முடியாது. பொதுவான தகவல் மட்டும்தான் சொல்வார்.


கணக்கர்
2025 ஜனவரி 14, பகல் 1:05

பல வருடம் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் செய்தவன் என்பதால் இதில் கொஞ்சம் தெரியும். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கோ.

விண்ணப்பம் போட்டு 28 நாளுக்குள் காசு போடுவது அல்லது இல்லை என்று அறிவிப்பது, இதுதான் அவர்கள் தங்களுக்கு வைத்திருக்கும் கால அளவு. அதற்கு முன் எடுத்தால் பெரும்பாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலோடு முடிந்துவிடும். நீங்கள் 28 நாளைத் தாண்டிவிட்டீர்கள். ஆகவே இனி எடுப்பது நியாயமான கோல். தயங்காமல் எடுங்கோ.

ஆனால் அதற்கு முதல் ஒரு வேலை. மை சேர்விஸ் கனடா எக்கவுண்ட் (ஈஐ கோப்பை ஒன்லைனில் பார்க்கும் அரசுக் கணக்கு) திறந்து உள்ளே போய்ப் பாருங்கோ. அக்ஸஸ் கோட் இல்லாவிட்டாலும், உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் இன்டராக் மூலம் ஆளை உறுதிப்படுத்தி உடனே உள்ளே போகலாம். அங்கே ஏஜென்சி அனுப்பிய ஆர்ஓஈ தெரியும். அனுப்பியதாகச் சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பதும் உண்டு, அனுப்பியும் பிழையாக அனுப்புவதும் உண்டு. ஒன்லைனில் அனுப்பும் முதலாளி, வேலை நின்ற சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாளுக்குள் அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆர்ஓஈயில் 16ஆம் கட்டத்தைப் பாருங்கோ. வேலை நின்றதற்கான காரணம் ஒரு எழுத்தாக இருக்கும். 'ஏ' என்றால் வேலை குறைவு. 'ஈ' என்றால் தானாக விட்டுப் போனார். 'எம்' என்றால் நிறுத்தப்பட்டார். 'ஏ' இருந்தால் கோப்பு பொதுவாக ஓடிவிடும். மற்ற எழுத்தாக இருந்தால் ஒரு அலுவலர் இரண்டு பக்கத்தையும் விசாரிக்கும்வரை நிற்கும்.

இன்னொன்று. லைனில் முதலில் எடுப்பவர் முடிவு எடுப்பவர் இல்லை. கோப்பைப் பார்ப்பார், குறிப்பு எழுதுவார், முடிவெடுக்கும் பகுதிக்கு அனுப்புவார். அங்கிருந்துதான் திருப்பி எடுப்பார்கள். ஆகவே கோல் கிடைத்ததும் அழுது கதை சொல்லி நேரத்தை விடாமல், "28 நாள் தாண்டிவிட்டது, அக்ஸஸ் கோட் வரவில்லை, அதனால் ரிப்போட் நிற்கிறது" என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லி, மூன்றையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கோ. ரிப்போட்டை உரிய நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் போடாவிட்டால் பிறகு அதையும் ஆளோடு கதைத்துத்தான் திறக்கவேண்டி வரும். அதனால் கோட் விஷயத்தை முதலில் சொல்லுங்கோ.


பனங்காய்
2025 ஜனவரி 14, பின்னேரம் 5:41

நான் எடுத்தபோது காலை 8:30 ஒன்றும் சரிவரவில்லை. எல்லோரும் அந்த நேரம்தான் எடுக்கிறார்கள். 3:30க்குப் பிறகு எடுத்துத்தான் வரிசைக்குள் போனேன். வரிசைக்குள் போய்விட்டால் வெட்டமாட்டார்கள், எவ்வளவு நேரமானாலும் வைத்திருங்கோ. போனை சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்தில் சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), கடைசிச் சம்பளத் துண்டு, பேனை கடதாசி எல்லாம் வைத்துக்கொண்டு இருங்கோ.


ரூஜ்கரை
2025 ஜனவரி 14, இரவு 8:17

வெட்டுவது தற்செயல் இல்லை. வரிசை ஒரு அளவுக்கு நிறைந்ததும் மேலே வரும் கோல்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும்படிதான் அமைப்பு. உள்ளே வந்தவர் காத்திருக்கும் நேரம் கூடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். கணக்குப் பார்க்கும்போது காத்திருந்த நேரம் குறைவாகத் தெரியும், வெளியே நின்றவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர் 2019இல் அரசு கோல் சென்டர்கள் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். குடிவரவு, முன்னாள் படையினர், ஈஐயும் ஓய்வூதியமும் பார்க்கும் அமைச்சு ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். ஆளோடு கதைக்க முயன்ற கோல்களில் ஏறக்குறைய பாதி ஆளிடம் போகவில்லை. இது கொரோனாவுக்கு முன், வேலையின்மை குறைவாக இருந்த காலத்து நிலை.

பிறகு 2020 மார்ச்சில் ஒரே கிழமையில் ஐந்து லட்சம் விண்ணப்பம் என்று பிரதமர் சொன்னார். அதற்கு முந்திய வருடம் அதே கிழமையில் 27,000. எந்த லைனும் தாங்காது. அதனால்தான் சேர்ப் (கொரோனாக் கால அவசர உதவிக் காசு) கொண்டுவந்தபோது பிறந்த மாதப்படி நாள் பிரித்தார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர் திங்கள், அடுத்த மூன்று மாதம் செவ்வாய், இப்படி. விண்ணப்பமும் சில கேள்வியோடு முடிந்தது. லைனுக்கு எடுக்கவேண்டிய தேவையையே குறைத்துவிட்டார்கள். அது வேலை செய்தது. அந்தப் பாடத்தை ஈஐக்குள் கொண்டுவந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.


தென்மராட்சியான்
2025 ஜனவரி 15, காலை 7:03

தம்பி ரூஜ்கரை, நல்லாய் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் இங்கே வந்த காலத்தில் இதற்கு யூஐ என்று பேர். 1996இல்தான் ஈஐ ஆக்கினார்கள். அப்போது இரண்டு கிழமைக்கு ஒரு அட்டை தபாலில் வரும், நிரப்பி அனுப்பவேண்டும். சிக்கல் என்றால் அலுவலகம் போவோம். அங்கேயும் வரிசை, அங்கேயும் எரிச்சல், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேசைக்கு முன் இருந்தால் கோப்பை விரித்து இதுதான் குறை என்று காட்டுவார்கள். ஆங்கிலம் குறைந்தவனுக்கும் விரலால் தொட்டுக் காட்டினால் விளங்கும். போனில் அது ஏலாது. இன்று கவுண்டர் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான ஈஐ விஷயத்துக்கு அங்கேயும் கடைசியில் லைனைத்தான் காட்டுகிறார்கள்.

பக்டரியிலும் வெயர்ஹவுசிலும் ஏஜென்சி மூலம் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் கனபேர். அவர்களிடம் "ஒன்லைனில் பார்" என்று சொல்வது கதவை மூடுவதற்குச் சமம். 1990க்குப் பிறகு இந்தக் காப்புறுதிக்கு அரசாங்கம் தன் பங்காகக் காசு போடுவதில்லை. தொழிலாளியும் முதலாளியும் கட்டுவதுதான் முழுக்க. இந்த வருடம் (2025) நூறு டொலருக்கு 1.64 டொலர் எங்கள் சம்பளத்தில் கழிகிறது, முதலாளி அதைப்போல் 1.4 மடங்கு. நாங்கள் கட்டிய காப்புறுதி இது. கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, தங்கச்சி வன்னிமகள்.


வன்னிமகள்
2025 ஜனவரி 15, பகல் 12:30

எல்லோருக்கும் நன்றி. கணக்கர் அண்ணா சொன்னபடி இன்டராக் மூலம் எக்கவுண்ட் திறந்தோம். ஆர்ஓஈ இருக்கிறது. 16ஆம் கட்டத்தில் 'ஈ' என்று போட்டிருக்கிறார்கள்! இவர் வேலையை விடவே இல்லை. வரவேண்டாம் என்று சூப்பவைசர் அனுப்பிய டெக்ஸ்ட் இன்னும் போனில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இவர் இரண்டு மூன்று முறை வேலை இருக்கிறதா என்று கேட்டு டெக்ஸ்ட் போட்டவர்.

இன்னொன்று, லைனில் இவர் சார்பில் நான் கதைக்கலாமா? இவருக்கு ஆங்கிலம் விளங்கும், ஆனால் போனில் கதைக்கத் தடுமாறுவார்.


கணக்கர்
2025 ஜனவரி 15, பகல் 2:48

அப்ப காரணம் கண்டுபிடித்தாயிற்று. நியாயமான காரணமில்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு வழமையான ஈஐ இல்லை. அதனால்தான் கோப்பு நிற்கிறது.

அந்த டெக்ஸ்ட்களை ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. திகதியும் அனுப்பியவர் நம்பரும் தெரியவேண்டும். ஏஜென்சிக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ: இன்ன திகதி இன்னார் வேலை இல்லை என்று அனுப்பினார், ஆர்ஓஈயில் 'ஈ' என்று இருக்கிறது, 'ஏ' ஆகத் திருத்தி அனுப்புங்கள் என்று. போனில் கேட்கவேண்டாம், எழுத்தில் இருக்கவேண்டும். திருத்தினால் அதே எக்கவுண்டில் புது ஆர்ஓஈ தெரியும். திருத்தாவிட்டாலும் பயப்படாதீர்கள். முதலாளி போட்ட எழுத்தே முடிவு இல்லை. அலுவலர் இரண்டு பக்கமும் கேட்டு, கையில் இருக்கும் ஆதாரத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கவேண்டும்.

நீங்கள் கதைக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் இருக்கவேண்டும். முதலில் அவரை உறுதிப்படுத்துவார்கள். பிறகு "என் மனைவி கதைப்பதற்குச் சம்மதம்" என்று அவர் வாயால் சொன்னால் போதும்.

இந்த உறுதிப்படுத்தலில் எங்கள் ஆட்கள் மாட்டுப்படும் இடம் ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் பிறந்தபோது இருந்த கடைசிப் பெயரைக் கேட்பார்கள், பொதுவாக அம்மாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் பின்னால் போடுகிறோம். விண்ணப்பத்தில் சிலர் அம்மம்மாவின் கணவர் பெயரைப் போட்டிருப்பார்கள், சிலர் அம்மாவின் சொந்தப் பெயரையே போட்டிருப்பார்கள், சிலர் அப்பாவின் பெயரைப் போட்டிருப்பார்கள். லைனில் வேறொன்றைச் சொன்னால் ஆள் உறுதியாகாது, அவ்வளவு நேரம் காத்திருந்த கோல் போய்விடும். விண்ணப்பத்தில் என்ன போட்டீர்கள், எந்த ஆங்கில எழுத்தில் போட்டீர்கள் என்று இப்பவே இருவரும் இருந்து பார்த்து எழுதி வையுங்கோ. முருகேசு என்ற பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறோம்!


பனங்காய்
2025 ஜனவரி 15, இரவு 9:10

அந்தப் பெயர் விஷயம் நூற்றுக்கு நூறு. என் மாமாவுக்கு அதேதான் நடந்தது.

எம்பி (மத்திய பாராளுமன்ற உறுப்பினர்) அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கோ என்று யாரும் சொல்லப் போகிறீர்கள் என்றால், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆள் தெரிந்தவன் முன்னால் போவதும் தெரியாதவன் பின்னால் நிற்பதும் ஊரில் பார்த்து வெறுத்துவிட்டு வந்த விஷயம். இங்கேயும் அதைப் பழக்கவேண்டாம்.


ரூஜ்கரை
2025 ஜனவரி 15, இரவு 9:55

பனங்காய், உங்கள் ஆதங்கம் விளங்குகிறது, ஆனால் இது அந்த மாதிரி இல்லை. தொகுதியில் இருக்கும் யாரும் போகலாம், ஆளைத் தெரிந்திருக்கத் தேவையில்லை, அவருக்கு வாக்குப் போட்டிருக்கவும் தேவையில்லை. ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்கள், அந்த அலுவலகத்தில் இருப்பவர் கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரிப்பார். முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. நிற்கும் கோப்பு ஒருவர் கண்ணில் படும், அவ்வளவுதான். எங்கள் சம்பளக் காசில் நடக்கும் அலுவலகம் அது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதால் வரிசையில் நிற்கும் வேறொருவருக்கும் நன்மை இல்லை.

இன்னும் சொன்னால், கனபேர் போனால்தான் லைன் கிடைக்கவில்லை என்பது எம்பிமாருக்கே உறைக்கும். வீட்டுக்குள் இருந்து போனை அமத்திக்கொண்டிருப்பவரை ஒட்டாவாவில் யாரும் எண்ணுவதில்லை.

ஜனவரி 6 முதல் மார்ச் 24 வரை பாராளுமன்றம் ஒத்திவைப்பு. அதற்கும் தொகுதி அலுவலகத்துக்கும் சம்பந்தம் இல்லை, திறந்துதான் இருக்கும். கவனிக்கவேண்டியது, ஈஐ மத்திய அரசு விஷயம். எம்பிபியிடம் (மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்) போகவேண்டாம், எம்பியிடம் போங்கோ. மாகாணத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சில் கனபேர் குழம்பிப் போகிறார்கள்.


தென்மராட்சியான்
2025 ஜனவரி 16, காலை 6:48

ரூஜ்கரை சொல்வதுதான் சரி. பனங்காய் சொல்வதையும் தட்டிவிட மாட்டேன். லைன் ஒழுங்காக இருந்தால் எம்பியிடம் போகவேண்டிய தேவையே வராது. ஆனால் வாடகைக்கு நிற்பவரிடம் கொள்கை கதைக்க முடியாது. முதலில் அந்தக் குடும்பத்துக்குக் காசு வரட்டும்.


மட்டுறுத்துநர்
2025 ஜனவரி 16, காலை 9:15

இந்தத் திரியில் எழுதும் சிலருக்குத் தனிமடலில் "காசு தந்தால் உங்கள் ஈஐயை எடுத்துத் தருகிறோம்" என்று செய்தி வருவதாக அறிந்தோம். அந்தக் கணக்கை நீக்கிவிட்டோம். சின் நம்பர், அக்ஸஸ் கோட், பிறந்த திகதி எதையும் இங்கேயோ தனிமடலிலோ யாருக்கும் கொடுக்கவேண்டாம். ஈஐ விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. மறுக்கப்பட்டால் சட்ட உதவி தேவைப்படலாம். அதற்கு ஒன்ராறியோவில் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்கின்றன.


வன்னிமகள்
2025 ஜனவரி 23, பின்னேரம் 4:20

லைன் கிடைத்தது, பனங்காய் சொன்ன மாதிரிப் பின்னேரம்தான். அம்மாவின் பெயர் கேட்டார்கள். எழுதி வைத்திருந்ததால் இவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். கோட் விஷயம், 'ஈ' விஷயம் இரண்டையும் குறிப்பில் எழுதிக்கொண்டார். திருப்பி எடுப்பார்கள், நம்பர் தெரியாமல் வரும், எடுக்கத் தவறவேண்டாம் என்றும் சொன்னார். இவர் தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டார். இப்போது எல்லாவற்றையும் எடுக்கிறார், வொய்ஸ் மெயிலையும் காலி பண்ணி வைத்திருக்கிறோம். ஏஜென்சி இன்னும் பதில் போடவில்லை. மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இப்போது யோசனை.


கணக்கர்
2025 ஜனவரி 23, மாலை 6:02

நல்லது. மறுத்தால், முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை. அது வேறு அலுவலர் பார்ப்பது. அதிலும் சரிவராவிட்டால் சமூகப் பாதுகாப்பு நடுவர் மன்றம். முக்கியமாக, அந்தக் காலம் முழுக்க இரண்டு கிழமை ரிப்போட்டை நிறுத்தவேண்டாம். பிறகு வென்றாலும் ரிப்போட் இல்லாத கிழமைக்குக் காசு வராது. இவர் வேலை தேடிய இடங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ, கேட்டால் காட்டவேண்டும்.


நெடுந்தீவான்
2025 ஜனவரி 25, காலை 8:33

திரியைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். நான் இப்போது ஈஐயில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அம்மா கடுமையான சுகவீனம், இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார்கள். நான் போனால் ஈஐ நின்றுவிடுமா? லைனில் கேட்கலாம் என்றால் கிடைக்கவில்லை. ரிக்கெட் போடவேண்டும்.


கணக்கர்
2025 ஜனவரி 25, காலை 9:01

தம்பி, போய்விட்டு வாருங்கோ. கோல் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டாம்.

சட்டம் இதுதான். கடுமையான சுகவீனமாக இருக்கும் நெருங்கிய உறவினரைப் பார்க்கவோ, அவர்களின் மரணச் சடங்குக்கோ கனடாவுக்கு வெளியே போனால் தொடர்ச்சியாக ஏழு நாள்வரை காசு நிற்காது. அந்த நாட்களிலும் இங்கே வேலைக்குத் தயார் என்ற நிலையில் இருக்கவேண்டும், வேலை வந்தால் உங்களை எட்ட வழி இருக்கவேண்டும். ஏழு நாளுக்கு மேல் நின்றால் அந்த மேலதிக நாட்களுக்கு மட்டும் காசு இல்லை. திரும்பி வந்ததும் மிச்சம் தொடரும்.

ரிப்போட்டில் கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா என்று கேட்கும். ஆம் என்று உண்மையைப் போடுங்கோ. எல்லை தாண்டிய பதிவு அவர்களிடம் போகும். மறைத்துப் பிடிபட்டால் வாங்கிய காசைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் வரும். ரிக்கெட், வைத்தியசாலைக் கடிதம் எல்லாம் பத்திரமாக வையுங்கோ.


தென்மராட்சியான்
2025 ஜனவரி 25, காலை 9:40

தம்பி நெடுந்தீவான், கெதியாகப் போய் அம்மாவின் முகத்தைப் பாருங்கோ. இங்கே ஏதும் உதவி தேவையென்றால் எழுதுங்கோ.


மார்க்கம்வாசி
2025 பெப்ரவரி 2, இரவு 7:26

வரி பற்றியும் ஒரு கேள்வி, யாராவது தெரிந்தால் சொல்லுங்கோ. போன வருடம் நான் சில மாதம் ஈஐ எடுத்தேன், பிறகு நல்ல வேலை கிடைத்தது. ஈஐக்கு வரி கட்டவேண்டுமா? திருப்பிக் கேட்பார்கள் என்றும் ஒருவர் பயப்படுத்துகிறார்.


கணக்கர்
2025 பெப்ரவரி 2, இரவு 8:11

ஈஐ வருமானம்தான், வரி உண்டு. ரி4ஈ என்ற துண்டு பெப்ரவரி முடிவுக்குள் வரும், எக்கவுண்டிலும் தெரியும். ஈஐயில் பிடிக்கும் வரி பெரும்பாலும் குறைவு. அதே வருடம் வேலையும் செய்திருந்தால் ஏப்ரலில் கொஞ்சம் கட்டவேண்டி வரலாம், காசு ஒதுக்கி வையுங்கோ.

திருப்பிக் கேட்பது எல்லோருக்கும் இல்லை. 2024க்கு உங்கள் நிகர வருமானம் 79,000 டொலரைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும். அப்போதும் தாண்டிய தொகை, வாங்கிய வழமையான ஈஐ இரண்டில் எது குறைவோ அதில் 30 வீதம். அதற்கு முந்திய பத்து வருடத்தில் ஒரு கிழமைக்குக் கூட வழமையான ஈஐ எடுக்காதவர் என்றால் தாண்டியிருந்தாலும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. நீங்கள் இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா?


மார்க்கம்வாசி
2025 பெப்ரவரி 2, இரவு 8:30

இல்லை அண்ணா, இதுதான் முதல் தடவை.


கணக்கர்
2025 பெப்ரவரி 2, இரவு 8:34

அப்ப வரி மட்டும்தான். ரி4ஈயை வேலைச் சம்பளத் துண்டான ரி4ஓடு சேர்த்துக் கொடுங்கோ, அதைக் கொடுக்க மறந்தால்தான் பிறகு கடிதம் வரும்.